இப்ப யாருகிட்ட இருக்கு?

இப்போதெல்லாம் ஒருவர் புத்தகத்தைத் திறக்கிறாரோ இல்லையோ, திறக்கப்போகிறார் என்ற செய்தி முதலில் வந்துவிடுகிறது. ஒரு மேசை, மேசையில் ஆவி பறக்கும் தேத்தண்ணிக் கோப்பை, அதில் சாய்த்து வைத்த நாவல், அட்டை முழுசாய்த் தெரியும்படி. கீழே 'தற்போது வாசிப்பில்' என்று ஒரு வரி. குருவிட்டப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து கொழும்புக்கும் டுபாய்க்கும் வேலைக்குப் போய்விட்ட எங்கள் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஊரில் மிச்சமிருக்கும் வாசகன் என்ற மரியாதைக்காக என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஞாயிறு காலையானால் அட்டைப்படங்கள் வரிசையாக வந்து விழும். நானும் விடாமல் ஒவ்வொன்றுக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருப்பேன். போடும்போது உள்ளே கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். என் பதினெட்டு வயதில் இப்படி ஒரு வசதி கையில் கிடைத்திருந்தால் நான் ஆடியிருக்கக்கூடிய ஆட்டம் எனக்கல்லவா தெரியும்!

அந்த நாளில் 'என்ன வாசிக்கிறாய்?' என்று எங்கள் தோட்டத்தில் யாரும் யாரையும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. கேட்க அவசியமும் இருக்கவில்லை. மேல்லயம், கீழ்லயம், ஸ்டோர் லயம் என்ற வீட்டு வரிசைகள் மூன்றிலும் சேர்த்து நடமாட்டத்தில் இருந்த கதைப்புத்தகங்களை ஒரு மூங்கில் கூடையில் அள்ளிவிடலாம். எனவே கேள்வி எப்போதும் ஒன்றுதான்: 'அது இப்ப யாருகிட்ட இருக்கு?' அது என்றால் எது என்று விளக்கம் கேட்பவனை வேற்றுத்தோட்டத்தான் என்று முடிவு செய்துவிடலாம்.

தேயிலைத் தோட்டத்து ஆட்களைவிட நாங்கள் வாசிப்பில் ஒரு படி மேல் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு நினைப்பு உண்டு. அதற்குக் காரணம் எங்கள் அறிவல்ல, ரப்பர் மரம். பால்வெட்டு விடிவதற்கு முன் தொடங்கிவிடும். மரத்துக்கு மரம் கீறிவிட்டு, சிரட்டை நிறையும்வரை காத்திருந்து, வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமந்து நிறுவை பார்த்து முடித்தால் பகலுக்கு மேல் கை ஓய்ந்துவிடும். தேயிலை மலையில் கொழுந்தெடுப்பவர்கள் அந்தியில் குளிரோடு வீடு திரும்பும் நேரத்துக்கு, எங்கள் லயத்து இஸ்தோப்பில் நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டு முடித்திருப்பாள். போதாததற்கு மழை வேறு. இரத்தினபுரிப் பக்கம் வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிற சீமை; காலையில் மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைய வேலைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளத்தில் ஓட்டை. ஆனால் ஓட்டைச் சம்பளத்து நாட்கள்தான் எங்கள் இலக்கிய விழாக்கள். அப்பா கவலையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் மழை விட்டுவிடுமோ என்ற வேறொரு கவலையோடு அதே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இஸ்தோப்பில் வாசிப்பவர் பால்வெட்டுக்காரப் பெரியவர் ஒருவர். கையில் பெரிய எழுத்துப் புத்தகம்: அல்லி அரசாணி மாலையோ விக்கிரமாதித்தன் கதையோ. அவர் வாசிக்கிறார் என்று சொல்வது பாதி உண்மை. ஒரு வரியை ராகத்தில் இழுப்பார், அதற்குப் பதவுரை சொல்வார், பிறகு தன் தங்கச்சி புருஷனைத் திட்டுவார், எங்கே விட்டோம் என்று கேட்பார். சுற்றிலும் பெண்கள் அரிசியில் கல் பொறுக்கியபடி, பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஒரே புத்தகம், ஒரே பக்கம், நாற்பது பேர் வாசிப்பில். எழுத்து வாசனை துளியும் இல்லாத என் அப்பாயி இந்த வகையில் கேட்டு முடித்த கதைகளின் கணக்கை நான் பள்ளிக்கூடம் போய்ப் பல வருஷம் கழித்தும் எட்டவில்லை. பெரியவர் சோர்வில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினால், "இந்தா, அந்தக் கிளி பேசுனத எங்க காணோம்?" என்று அப்பாயி இருந்த இடத்திலிருந்தே பிடித்துவிடுவாள்.

வீரகேசரிக்கும் இதே கதிதான். ரோட்டோரத் தேத்தண்ணிக் கடைக்கு வரும் ஒரு பத்திரிகை காலையில் கடைக்காரருக்கு, பகலில் தொழிற்சங்கத் தலைவருக்கு, மாலையில் தோட்டத்துக்கு. தலைவர் உரக்க வாசிக்கும்போது தன் சங்கத்தைக் குறைசொல்லும் செய்தி வந்தால் தொண்டையைச் செருமி அடுத்த பத்திக்குத் தாவிவிடுவார். விடுபட்டதை மறுநாள் சீனி சுற்றிய தாளில் நாங்கள் கண்டுபிடிப்போம். இன்றைக்கு அந்தத் தாவுகிற வேலையைச் செய்ய ஃபேஸ்புக் கம்பனி கம்பியூட்டர் வைத்திருக்கிறதாம். எங்கள் தலைவர் சம்பளமில்லாமல் செய்தார்.

1970-ல் வந்த அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான்களோடு சேர்த்து இந்தியச் சஞ்சிகைகளுக்கும் கட்டுப்பாடு போட்டபோது, கிளாக்கர் ஐயா வீட்டுப் பக்கமிருந்து கசிந்து வந்துகொண்டிருந்த விகடனும் கல்கியும் குமுதமும் ஏறக்குறைய நின்றுபோயின. கசப்பு மருந்துதான், ஆனால் ஒரு பலன் இருந்தது. அந்த இடைவெளியில்தான் வீரகேசரிக்காரர்கள் பிரசுரம் தொடங்கி இலங்கை எழுத்தாளர்களின் நாவல்களை மலிவாக அடித்து, பத்திரிகை போகும் இடமெல்லாம் அனுப்பினார்கள். இன்னொரு பலன், பழைய தொடர்கதை பைண்டுகளுக்கு வந்த மவுசு. வாரா வாரம் சஞ்சிகையிலிருந்து கதையை மட்டும் கிழித்தெடுத்து, அத்தியாய வரிசையில் அடுக்கி, தடித்த அட்டை போட்டுத் தைத்து வைப்பது அந்தக்காலத்துக் குடும்பங்களின் வழக்கம். மாற்றலாகிப் போன ஒரு கிளாக்கர் ஐயா விட்டுச்சென்ற அப்படியொரு பைண்டுதான் எங்கள் தோட்டத்து இலக்கியச் சொத்து.

அதற்குப் பெயர் குதிரைப் புத்தகம். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. முன்னட்டை போய்விட்டது, முதல் மூன்று அத்தியாயங்களும் போய்விட்டன. கைக்கு வரும் முதல் தாளில் ஆற்றங்கரையில் ஒருவன் குதிரையை இழுத்துப் பிடித்து நிற்கும் படம். எழுதியவர் யார், எந்தப் பத்திரிகையில் வந்தது, அந்தக் குதிரைக்காரன் எங்கிருந்து வருகிறான், எதுவும் தெரியாமல் ஒரு தலைமுறை அதை உருகி உருகி வாசித்தது. கதைக்குப் பெயரும் ஆசிரியரும் அவசியம் என்று தெரியாத பாக்கியம் எங்களுக்கு இருந்தது. இப்போது பிள்ளைகள் அட்டைப்படம் போட்டு, ஆசிரியர் பெயர் போட்டு, பதிப்பகம் போட்டு, ஐந்துக்கு நான்கரை நட்சத்திரமும் போடும்போது, ஒன்றும் இல்லாமல் எங்களை மயக்கிய அந்தக் குதிரைக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று நான் யோசிப்பதுண்டு.

அதன் முதுகு கிழியாத மாதமில்லை. கிழிந்தால் வைத்தியம் தோட்டத்திலேயே இருந்தது: பச்சைப் பால். ஸ்டோருக்குப் போகும் வாளியிலிருந்து ஒரு சிரட்டை மொண்டு, புத்தக முதுகில் கோழியிறகால் தடவி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைத்தால் மறுநாள் காலையில் பைண்டு அசையாது. அசையாது என்றால், திறக்கவும் திறக்காது. பால் காய்ந்து பழுப்பாகி, பக்கங்களின் உள்விளிம்பு முழுவதையும் விழுங்கிவிடும். ஒவ்வொரு வரியிலும் ஓரத்துச் சொல் ஒன்றிரண்டை நாமே ஊகித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இரு கையாலும் விரித்துப் பிடிக்க வேண்டும், பிடி விட்டால் டப்பென்று தானே மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்தால் ஷீட்டுக்குப் புகை போடும் வீட்டில், தொங்கும் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே இரண்டு நாள் கம்பில் கவிழ்த்துப் போட்டுவிடுவோம். புகைபோடுகிறவர் எங்கள் ஆள். ஒருநாள் கண்டாக்கையா ஷீட் எண்ண வந்து, கம்பில் தொங்கிய இந்தச் சரக்கைப் பார்த்து, "இது என்ன கிரேட்?" என்று கேட்டாராம். அந்தப் புகை நாற்றம் எனக்கு இன்றைக்கும் சரித்திர நாவலின் வாசனை. புதுப் புத்தகத்தை மூக்கில் வைத்து இழுத்துவிட்டு ஆஹா என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் பெயர்கள். வாங்கிய ஆளின் பெயர், வாங்கிய தேதி, கொடுத்த தேதி. கூட்டி எழுதத் தெரியாத ஒருவர் மட்டும் தன் பெயருக்குப் பதிலாகச் செக்ரோல் நம்பரை எழுதியிருந்தார். அந்தப் பட்டியலை ஒருதரம் பார்த்தால் போதும், யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இருந்தது, எந்த மாதத்தில் அறுந்தது, எந்த வீட்டுப் பெண்ணுக்காக எவன் வாங்கிக்கொண்டு போனான் என்று தோட்டத்துச் சரித்திரமே தெரிந்துவிடும்.

இதற்கு நடுவில் நான். தாடி முளைப்பதற்கு முன்பே புரட்சி முளைத்துவிட்ட ஆள். கொழும்பில் சோவியத் புத்தகம் விற்கும் கடையிலிருந்து யாரோ ஒரு சங்கத்துத் தோழர் கொண்டுவந்து கொடுத்த, ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் 'தாய்' என் கக்கத்தில் குடியிருந்த காலம் அது. அட்டை வெளிப்பக்கம் தெரியும்படி இடுக்க ஒரு கோணம் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று பழகினால்தான் வரும். குருவிட்ட ஸ்டேஷனில் சின்னக் கோச்சிக்கு நிற்கும்போது அந்தக் கோணத்தில் நிற்பேன். களனிவெளி ரயில்பாதை அப்போது இரண்டரை அடி அகலம். 1912-ல் இரத்தினபுரிவரை வந்த பாதை. அதில் ஓடிய வண்டியின் வேகத்தை நம்பி ஒருவர் நிதானமாக ஓர் அத்தியாயத்தைத் தொடங்கலாம், இரத்தினபுரி போவதற்குள் முடித்தும்விடலாம். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும்போது இறங்கிக் கூடவே நடந்து, மறுபடி ஏறிக்கொண்ட வாலிபர்களும் உண்டு. நான் இறங்கமாட்டேன், தாய் படிக்கிறேன் அல்லவா? உண்மையில் தாயின் மடியில் மடித்து வைத்த 'மித்திரன்' இருந்தது. அதில் அன்றாடம் ஒரு கொலை தொடர்ந்துகொண்டிருந்தது. 1976-ல் அவிசாவளைக்கு இப்பால் பாதையை மூடிவிட்டார்கள். நட்டக்கணக்கு என்றார்கள். வாசகர்களின் நட்டத்தை யாரும் அதில் சேர்க்கவில்லை. அதன் பிறகு பஸ். குருவிட்டயிலிருந்து இரத்தினபுரிவரை பஸ்ஸில் புத்தகம் விரித்தவனுக்கு மிஞ்சியது தலைசுற்றல்தான்.

ஒருநாள் 'தாய்' கக்கத்தில் இருந்த இடத்துக்கு 'காலங்கள் சாவதில்லை' வந்தது. 1974-ல் வீரகேசரி பிரசுரமாக வந்த தெளிவத்தை ஜோசப்பின் நாவல். அதற்குமுன் 'கதைக்கனிகள்' என்று மலையகச் சிறுகதைப் போட்டிக் கதைகளைத் தொகுத்துப் போட்டிருந்தார்கள். அச்சில் லயம், அச்சில் காம்பரா, அச்சில் பெரட்டு! புதுமைப்பித்தன் இலங்கைத் தோட்டத்தைக் கண்ணால் பாராமலே 'துன்பக்கேணி' எழுதிவிட்டார் என்று எங்கள் ஆசிரியர் சொல்லிக் கேட்டிருந்தேன். இங்கே தோட்டத்திலேயே கிடந்து கண்டவர் எழுதியிருக்கிறார். இஸ்தோப்பில் நானே பெரியவரின் இடத்தில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, உரக்க வாசித்தேன். நாலு பக்கம் போனதும் அப்பாயி கையைக் காட்டி நிறுத்தினாள். "இதுல என்னாப்பா கதை இருக்கு? இது நம்ம வீடுதானே. ராசாவக் காணோமே?" பக்கத்து வீட்டு அத்தைக்கு வேறு சந்தேகம்: "நம்ம ஒழுகுற கூரையப் பத்தி எழுதினா அதுக்குக் காசு குடுப்பாங்களா?" எனக்கு அன்றைக்கு ஆத்திரம் தாங்கவில்லை, ஒரு மணி நேரம் வர்க்க உணர்வைப் பற்றி விளக்கினேன். அத்தை கேட்டது எவ்வளவு நுட்பமான கேள்வி என்று எழுத்தாளர்களோடு பழகத் தொடங்கிய பிறகு தெரிந்தது.

அப்புறம் கப்பல். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் 1964-ஆம் வருஷத்துச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பலன் எங்கள் லயத்துக்கு எழுபதுகளில்தான் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வீடாகப் பாஸ்போட் வரும், தட்டுமுட்டுச் சாமான்கள் பெட்டியில் ஏறும், தலைமன்னாருக்கு ஒப்பாரிக் கோச்சி. குதிரைப் புத்தகம் அதற்குள் பால் தடவித் தடவி வீங்கி, நடுவில் பிளந்து, முன்பாதி பின்பாதி என்று இரண்டாகியிருந்தது. நான் முன்பாதியில் இருந்தேன். பின்பாதி என் கூட்டாளி வீட்டில். அவர்கள் வீட்டுக்குத் தேதி வந்த அவசரத்தில் பின்பாதி துணிமணிக்குள் போய், இராமானுஜம் கப்பலேறி இராமேஸ்வரம் போய்விட்டது. பட்டியலில் அவன் பெயருக்கு நேரே கொடுத்த தேதி இல்லை.

கன்னட நாட்டில் சுள்ளியாப் பக்கம் அரசாங்க ரப்பர்த் தோட்டத்தில் இங்கிருந்து போனவர்களைக் குடியேற்றினார்கள். அவன் குடும்பமும் அங்கே. மரம் மாறவில்லை, கத்தி மாறவில்லை, சுற்றிலும் பேசுகிற பாஷைதான் மாறிவிட்டது என்று எழுதினான். அந்த முதல் நீலநிற ஏர்மெயில் தாளில் குடும்ப நலன் நாலு வரி. மிச்ச இடமெல்லாம், ஓரங்களில் குறுக்காகவும் நெடுக்காகவும், குதிரைப் புத்தகத்தின் மீதிக் கதை. நான் கேட்டே எழுதியிருந்தேன். ஒரு தாளில் ஓர் அத்தியாயத்துக்கு மேல் அடங்காது. தபால் வந்து சேர வாரக்கணக்கு. இப்படி ஒரு நாவலை நான் இரண்டு வருஷத்துக்கு மேல் வாசித்தேன். தோட்டத்துத் தபால்காரர் கடிதத்தைக் கொடுக்கும்போதே, "இந்தத் தடவையாச்சும் அந்தப் புள்ளய சிறையிலேர்ந்து மீட்டானா?" என்று கேட்பார். நாயகி மிக வீரமாக வாளெடுத்துச் சண்டை போட்டு எல்லாரையும் காப்பாற்றுகிற முடிவு கடைசித் தாளில் வந்தது. நாயகியின் பெயர் அந்தக் கட்டத்தில் கூட்டாளி கல்யாணம் பண்ணிக்கொண்ட பெண்ணின் பெயராக மாறியிருந்ததைக் கவனித்தேன். கேட்கவில்லை.

பிறகு ஒரு காலம் வந்தது. அதில் என்ன வாசிக்கிறோம் என்று சொல்லாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். 1977, 1981, 1983 என்று இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் கண்ட கலவரங்களை இங்கே விவரிக்க நான் உட்காரவில்லை, கண்டவர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் தமிழ் எழுத்து தெரிய ஒரு தாளை விரிப்பது அடையாள அட்டையை நெற்றியில் ஒட்டிக்கொள்கிற வேலை. அட்டை வெளியே தெரியும் கோணத்தைக் கண்ணாடி முன் பழகியவன், தமிழ் நாவலுக்குச் சிங்களத் 'தினமின'வில் உறை போட்டுக்கொண்டேன். ஒருநாள் கொழும்பு பஸ்ஸில் எதிர் இருக்கைக்காரர் என் கையையே உற்றுப் பார்க்கிறார். எனக்கு வியர்த்துவிட்டது. எஹெலியகொட தாண்டுகிறது, அவிசாவளை தாண்டுகிறது, பார்வை நகரவில்லை. கடைசியில் குனிந்து மெதுவான குரலில், "மாத்தயா, கோபிக்க வேண்டாம், அந்தச் செய்தியின் மீதி பின்னட்டையில் இருக்கிறது, கொஞ்சம் திருப்பிக் காட்ட முடியுமா?" என்றார். திருப்பிக் காட்டினேன். அவர் தன் பக்கத்தையும் நான் என் பக்கத்தையுமாகக் கொஸ்கம வரை ஒரே புத்தகத்தை வாசித்துக்கொண்டு போனோம். அவர் இறங்கும்போது நன்றி சொல்லிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமலே போனார்.

இப்போது உறை தேவையில்லை. ஃபோனுக்குள் என்ன இருக்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாது. வீட்டு ஆட்களுக்கே தெரியாது. 1998-ல் மதுரைத் திட்டம், 2005-ல் நம்முடைய நூலகம் இணையத்தளம் என்று யார் யாரோ புண்ணியவான்கள் இரவு பகலாக உட்கார்ந்து ஏற்றி வைத்ததில், நாங்கள் ஒற்றைப் பிரதிக்காக லயம் லயமாக அலைந்த வீரகேசரிப் பிரசுரங்களை மழை நாளில் படுத்த இடத்திலிருந்தே எடுக்க முடிகிறது. பூஞ்சணம் இல்லை, புகை இல்லை, முதல் மூன்று அத்தியாயமும் இருக்கும். 2022-ல் பொன்னியின் செல்வன் படம் வந்தபோது எங்கள் குழுவில் ஐந்து பாகமும் ஒரே நிமிஷத்தில் வந்து விழுந்தன. எல்லாரும் நன்றி சொன்னார்கள். வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகைக்குள் நுழைந்தானா என்று ஒரு வாரம் கழித்து விசாரித்தேன். ஒருவருக்கும் அவன் குதிரை இன்னும் வீராணம் ஏரிக்கரையைத் தாண்டவில்லை. வருஷா வருஷம் செப்டெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய புத்தகங்களை மார்பளவுக்கு அடுக்கிப் பக்கத்தில் நின்று படமெடுத்துப் போடுகிறவர்களும் இதே பிள்ளைகள்தான். குறை சொல்லவில்லை. கக்கத்துக் கோணத்தைக் கண்டுபிடித்தவனுக்கு அந்த உரிமை கிடையாது. எல்லாரிடமும் எல்லாம் இருக்கிற ஊரில் 'அது இப்ப யாருகிட்ட இருக்கு?' என்று கேட்டுக்கொண்டு ஒருவன் இன்னொருவன் வீட்டுப்படி ஏற வழியில்லாமல் போய்விட்டதே என்பதுதான் என் சங்கடம். புத்தகம் கேட்கிற சாக்கில் எத்தனை வீட்டில் தேத்தண்ணி குடித்திருக்கிறோம்!

போன மாதம் பேத்தி என் ஃபோனை வாங்கிக்கொண்டு, "தாத்தா, நீங்க மட்டும் ஒன்னுமே போட மாட்றீங்க. இப்ப என்ன வாசிக்கிறீங்கன்னு சொல்லுங்க, நான் டைப் பண்றேன்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "குதிரைப் புத்தகம்" என்றேன். "யார் எழுதினது?" தெரியாது. "அட்டை?" கிடையாது. அவளுக்கு அது போதவில்லை. இணையத்தில் தேடி ஒரு வெள்ளைக்குதிரைப் படத்தைப் பிடித்து, கீழே 'குதிரைப் புத்தகம் – மீள்வாசிப்பில்' என்று போட்டுவிட்டாள். இரவுக்குள் இதயங்கள் குவிந்துவிட்டன. டுபாயிலிருந்து மூன்று பேர் பிடிஎஃப் கேட்டிருந்தார்கள். ஒரு தம்பி தமிழின் முக்கியமான பிரதிகளில் அது ஒன்று என்று எழுதியிருந்தான். இன்னொருவர் தான் எப்போதோ வாசித்துவிட்டதாகவும், நடை பிரமாதம் என்றும், முடிவைத்தான் ஆசிரியர் சொதப்பிவிட்டார் என்றும் குறைப்பட்டிருந்தார். எந்த முடிவைச் சொல்கிறீர்கள், அச்சிலிருந்ததையா, சுள்ளியாவிலிருந்து வந்ததையா என்று கேட்டு எழுதினேன். பார்த்துவிட்டார், நீலக்கோடு இரண்டும் விழுந்திருக்கிறது. பதிலைத்தான் காணோம்.